மருந்து வரும் வரை காத்தவர்கள்

(“நோயாளியும் மருத்துவரும்: இடைவெளி எங்கே?” என்ற தலைப்பிலான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய மூவரும் குறைகளைச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் காத்திருந்தால் மூன்று நிமிடம்தான் பார்க்கிறார்கள் என்றார் ஒருவர். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் கணினியைப் பார்த்தே மருந்து எழுதினார் என்றார் இன்னொருவர். தாதி எரிந்து விழுந்தார் என்றார் அம்மையார். முப்பது ஆண்டு தாதியாக வேலை செய்தவள் நான். அதனால் “இவர் அந்தக் கட்சி” என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை, அந்தக் குறைகள் உண்மைதான். அவற்றை நான் மறுக்கப்போவதில்லை.

ஆனால் மருத்துவரும் தாதியும் நோயாளியும் ஒருவர் சொல்வதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று இருக்கிறது. ஒரே ஒரு நோயின் கதை அது. அதைச் சொல்வதற்குத்தான் இந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

வள்ளுவர் ‘மருந்து’ என்ற அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார். நோயுற்றவர் ஒரு பங்கு, மருத்துவர் ஒரு பங்கு, மருந்து ஒரு பங்கு, பக்கத்தில் இருந்து அந்த மருந்தைக் கொடுப்பவர் ஒரு பங்கு. நான்கும் சேர்ந்ததுதான் மருத்துவம் என்கிறார். சரி, இந்த நான்கில் மருந்து என்ற பங்கு இல்லாமலே போனால்? மற்ற மூன்று பேரும் என்ன செய்ய முடியும்? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயின் வரலாறு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது.

முத்தத்தில் உப்பு

இந்த நோய் நம்மில் பலருக்குப் புதிது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஒரு மரபணு பிள்ளைக்கு வந்தால் இது வருகிறது. பெற்றோருக்கு எந்த நோயும் தெரியாது. ஆனால் இருவரும் அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உடம்பின் உயிரணுக்களில் உப்பும் நீரும் போய்வரும் வாசல் ஒழுங்காகத் திறக்காது. அதனால் நுரையீரலில் சளி பசை போல் கெட்டியாகி, கிருமிகள் அங்கேயே குடியேறிவிடும். கணையத்தின் குழாய்கள் அடைபட்டு, சாப்பிட்ட சாப்பாடு செரிக்காது. பிள்ளை எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. வியர்வை மட்டும் வழக்கத்தைவிட உப்பாக இருக்கும்.

ஐரோப்பிய வம்சாவளியினரிடம் ஏறத்தாழ 2,500 முதல் 3,500 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு இது வருகிறது. ஆசிய மக்களிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. புதுடில்லி எய்ம்ஸ், வேலூர் சி.எம்.சி. போன்ற இந்திய மருத்துவமனைகளில் இந்நோயுள்ள பிள்ளைகள் சிகிச்சை பெறுகிறார்கள்.

முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் தங்காது என்று ஐரோப்பாவில் பழைய காலத்துத் தாய்மார்கள் சொல்லி வந்தார்கள். நூற்றாண்டுக் கணக்காக அதை மூடநம்பிக்கை என்றே படித்தவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். அந்தத் தாய்மார்கள் சொன்னது எவ்வளவு சரி என்பது பின்னால்தான் தெரிந்தது.

நியூயார்க்கின் குழந்தைகள் மருத்துவமனையில் டோரதி ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர் இருந்தார். அறுவைச் சிகிச்சை நிபுணராக விரும்பியவர். பெண் என்ற காரணத்தால் அந்தக் கதவு அவருக்கு மூடப்பட்டது. இறந்தவர்களின் உடலை ஆராயும் நோய்க்குறியியல் துறைக்கு வந்தார். குடல் நோயால் இறந்ததாக எழுதப்பட்ட ஒரு குழந்தையின் உடலைப் பரிசோதித்தபோது கணையம் வேறு விதமாகக் கெட்டிருப்பதைக் கண்டார். இது வேறு நோயாயிற்றே என்று பழைய பதிவுகளை எல்லாம் தேடி எடுத்தார். 1938ல் 49 பிள்ளைகளின் விவரங்களைக் கொண்டு இந்த நோய்க்குத் தனி அடையாளம் கொடுத்தார்.

இறந்த பிள்ளைகளைப் பற்றி எழுதியதோடு அவர் தம் வேலை முடிந்தது என்று இருக்கவில்லை. உயிரோடு இருக்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து அவர்களுக்கே சிகிச்சை செய்யும் மருத்துவராகத் தம்மை மாற்றிக்கொண்டார்.

1948 கோடையில் நியூயார்க் நகரம் வெயிலில் வெந்தது. வெப்பம் தாங்காமல் மயங்கி விழுந்து மருத்துவமனைக்கு வந்த சிறு பிள்ளைகளில் கணிசமானவர்கள் இதே நோய் உள்ளவர்கள். ஏன் இவர்கள் மட்டும் இப்படி விழுகிறார்கள் என்று அதே மருத்துவமனையில் இருந்த பால் டி சாண்ட் ஆக்னீஸ் கேட்டுக்கொண்டார். வியர்வையைச் சேகரித்து ஆராய்ந்தார். அளவுக்கு மீறிய உப்பு வியர்வை வழியே வெளியேறுகிறது என்று 1953ல் அறிவித்தார். 1959ல் கிப்சன், குக் என்ற இருவர், தோலில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி வியர்வையை எடுத்து அளக்கும் முறையைக் கண்டார்கள். இந்நோயைக் கண்டறிய இன்றும் அந்த வியர்வைச் சோதனையைத்தான் செய்கிறார்கள்.

நேயர்களே, தாய் முத்தத்தில் அறிந்ததை மருத்துவம் கேட்டு வாங்கிக்கொள்ள இத்தனை காலம் ஆயிற்று!

நோய் வரும்வரை காத்திராதே

நோய்க்குப் பெயர் கிடைத்தது, சோதனை கிடைத்தது. ஆனால் குணப்படுத்தும் மருந்து கிடைக்கவில்லை. 1950களில் இந்நோயுள்ள பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதைப் பார்ப்பதே அரிதாக இருந்தது. “வீட்டுக்குக் கொண்டுபோய் அன்பாக வைத்துக்கொள்ளுங்கள்” என்பதற்கு மேல் பல மருத்துவர்களால் எதுவும் சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் லீராய் மாத்யூஸ் என்ற குழந்தை மருத்துவர் மட்டும் வேறு விதமாக நினைத்தார். 1957ல் ஒரு முழுமையான சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கினார். பிள்ளைக்கு மூச்சு முட்டிய பிறகு வைத்தியம் பார்க்கக் கூடாது, நன்றாக இருக்கும்போதே தினமும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பிள்ளையைச் சாய்த்துப் படுக்கவைத்து, முதுகிலும் மார்பிலும் தட்டித் தட்டிச் சளியை வெளியேற்றும் முறையைப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். காலையும் மாலையும், திருநாள் என்றாலும் பெருநாள் என்றாலும் விடாமல் செய்ய வேண்டும். அத்துடன் சத்தான உணவு, செரிமானத்துக்கு உதவும் நொதி மருந்து, கிருமிகளுக்கு எதிர்மருந்து.

அவர் செய்த எல்லாமே சரி என்று சொல்ல முடியாது. பிள்ளைகளை ஈரப்பனி நிறைந்த கூடாரத்தில் தூங்க வைத்தார். அதனால் பயன் இல்லை என்று பின்னால் தெரிந்து 1970களில் அதை விட்டுவிட்டார்கள். ஆனால் அடிப்படைக் கொள்கை நின்றது.

தம் மையத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் குறைவாகவே இறக்கிறார்கள் என்று மாத்யூஸ் சொன்னபோது மற்ற மருத்துவர்கள் நம்பவில்லை. மற்ற இடங்களில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் இறந்துகொண்டிருந்த காலம் அது. உண்மையா பொய்யா என்று பார்த்துவிடுவோம் என்று 1964ல் வாரன் வார்விக் என்ற மின்னசோட்டா மருத்துவர் 31 மையங்களிலிருந்து ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் திரட்டினார். மாத்யூஸ் சொன்னது உண்மை! மற்ற இடங்களில் மூன்று வயதில் முடிந்துகொண்டிருந்த வாழ்வு, அவரிடம் 21 வயது வரை நீண்டிருந்தது. மருந்து எல்லா ஊரிலும் ஒன்றுதான். கவனிப்பில்தான் வேறுபாடு. மற்ற மையங்களும் அந்த வழியைப் பின்பற்றின. அமெரிக்கா முழுவதிலும் 1966ல் சராசரி ஆயுள் பத்து வயதைத் தொட்டது. 1972ல் பதினெட்டு வயதானது.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேரி வெய்ஸ் என்ற தாய்க்கு மூன்று மகன்கள். மூவருக்கும் இந்நோய். ஆராய்ச்சிக்கு நிதி திரட்டத் தொலைபேசியில் எல்லாரிடமும் பேசுவார். 1965ல் ஒரு நாள், நான்கு வயது மகன் ரிச்சர்ட், “அம்மா, நீங்கள் எதற்காகப் பேசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அறுபத்தைந்து ரோஜாக்களுக்காக” என்று பொருள்படச் சொன்னான். ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ என்பது அந்தப் பிஞ்சுக் காதில் ‘சிக்ஸ்ட்டி ஃபைவ் ரோசஸ்’ என்று விழுந்திருக்கிறது. அந்த ரோஜாதான் இன்று அமெரிக்காவில் இந்நோய்க்கான அமைப்பின் சின்னம்.

வெண்ணெய் சாப்பிடட்டும்

கொழுப்பு செரிக்காத பிள்ளைக்குக் கொழுப்பே கொடுக்காதே என்பதுதான் அன்றைய மருத்துவ வழக்கம். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் பசியோடு எழுந்தார்கள், பசியோடு படுத்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தார்கள்.

கனடாவின் டோரோண்டோ நகரில் டாக்டர் டக்ளஸ் குரோசியர் இதை மாற்றினார். நொதி மருந்தைத் தேவையான அளவுக்குக் கூட்டிக் கொடுங்கள், பிறகு மற்ற பிள்ளைகளைப் போல் வெண்ணெயும் பாலும் முட்டையும் நிறையச் சாப்பிடட்டும் என்றார். 1988ல் டோரோண்டோ நோயாளிகளையும் அமெரிக்காவின் பாஸ்டன் நோயாளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் பேர்பெற்ற மையங்கள். நுரையீரல் நிலையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் டோரோண்டோ பிள்ளைகள் உயரமாகவும் எடையோடும் இருந்தார்கள். அங்கே பாதிப் பேர் 30 வயதைத் தாண்டி வாழ்ந்தார்கள். பாஸ்டனில் அந்தக் கணக்கு 21தான். பிள்ளையின் பசியை மதித்ததால் கிடைத்தது ஒன்பது ஆண்டு. வேறெந்தப் புது மருந்தும் இல்லை.

கதவைத் திறந்து வரும் முகம்

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இப்போது புதிய சிக்கல்! இருபது வயது இளைஞனைக் குழந்தைகள் வார்டில் எப்படிப் படுக்க வைப்பது? லண்டன் பிராம்டன் மருத்துவமனையில் ஜான் பேட்டன் 1965ல் வளர்ந்தவர்களுக்கென்றே ஒரு கிளினிக்கைத் தொடங்கினார். இவர்கள் வளர்வார்கள் என்று நம்பிய முதல் சிலரில் அவரும் ஒருவர்.

வளர்ந்தவர் எத்தனை காலம் அம்மாவின் கையால் முதுகில் தட்டு வாங்குவார்? பெல்ஜியத்திலும், நியூசிலாந்திலும், பிராம்டனிலும் பிசியோதெரபி நிபுணர்கள் தனியாகவே மூச்சை இழுத்து, நிறுத்தி, ஊதிச் சளியை வெளியேற்றும் பயிற்சிகளை உருவாக்கினார்கள். தாதியர் இன்னொரு வேலையைச் செய்தார்கள். இரத்த நாளத்தில் மருந்து ஏற்றுவதை நோயாளிக்கும் குடும்பத்துக்கும் சொல்லிக்கொடுத்து, வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். “இதை நீயே செய்யலாம்” என்று ஒரு தாதி சொல்வது நோயாளிக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பது, அந்த வேலையைச் செய்த எனக்குத் தெரியும்.

இந்த நோயில் ஒரு கொடுமை இருக்கிறது. நோயாளிகள் ஒருவரை ஒருவர் நெருங்கக் கூடாது. ஒருவர் நுரையீரலில் உள்ள கிருமி மற்றவருக்குப் போனால் ஆபத்து. பிள்ளைகள் மகிழ்ச்சியாகச் சேர்ந்திருந்த கோடை முகாம்கள் பல இதனால் 1990களில் மூடப்பட்டன. 2013ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் ஆறு அடி விலகி இருக்கச் சொல்கிறது. கோவிட் காலத்தில் நாம் சில மாதம் அனுபவித்ததை இவர்கள் வாழ்நாள் முழுவதும் அனுபவிக்கிறார்கள். தன் வலியைப் புரிந்துகொள்ளக்கூடிய இன்னொரு நோயாளி பக்கத்து அறையிலேயே இருப்பார். ஆனால் போய்ப் பார்க்க முடியாது.

அப்படியானால் மருத்துவமனையில் அந்த அறைக் கதவைத் திறந்துகொண்டு வரும் முகம் யாருடையது? தாதியுடையது. முகக் கவசமும் மேலங்கியும் அணிந்து வரும் அந்த ஒருவர்தான் பல நாள் அவருக்கு உலகம். இரண்டு வயதில் ஊசி போட்ட அதே கையைப் பதினெட்டு வயதிலும் பார்க்கிறார். எந்த நரம்பில் ஊசி ஏறும், எந்த மருந்து குமட்டும், எப்போது பேச வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று நீண்ட நாள் பழகிய தாதிக்குத் தெரியும். எந்தப் புத்தகத்திலும் அது எழுதியிருக்காது.

1972ல் கலிபோர்னியாவில் பிறந்த இரட்டையர் இசபெல், அனபெல் ஸ்டென்செல். தாய் ஜப்பானியர், தந்தை ஜெர்மானியர். இருவருக்கும் இந்நோய். ஒருவர் முதுகில் ஒருவர் தட்டியே வளர்ந்தார்கள். பின்னர் இருவருக்கும் நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. தங்கள் கதையை 2007ல் நூலாக எழுதினார்கள். அனபெல் 2013ல் காலமானார். நான் அவர்களை நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வாழ்க்கையில் பாதியை மருத்துவமனையில் கழித்தவர்கள், வேலை என்று வந்தபோதும் மருத்துவமனையையே தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் மரபணு ஆலோசகர் ஆனார், மற்றவர் மருத்துவ சமூகப் பணியாளர். நல்ல கவனிப்புக்கு இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எங்கே கிடைக்கும்?

தோல்வி நம் இருவருக்கும்

இந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த மருத்துவர் அதுல் கவாண்டே, 2004ல் ‘நியூ யார்க்கர்’ இதழில் இந்நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முன்பு சொன்ன அதே வார்விக்கின் கிளினிக்கில் அவர் கண்ட காட்சி அதில் இருக்கிறது.

பதினேழு வயதுப் பெண் ஒருத்தி. மூன்று மாதத்தில் அவளுடைய நுரையீரல் அளவு 109 விழுக்காட்டிலிருந்து 90க்கு இறங்கியிருந்தது. 90 என்றாலே நல்ல அளவுதான், பல மருத்துவர்கள் பரவாயில்லை என்று அனுப்பியிருப்பார்கள். வார்விக் விடவில்லை. திட்டவும் இல்லை. ஏன் என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். புதிய நட்பு, புதிய வேலை, பள்ளியில் மாத்திரை சாப்பிடுவதில் தொல்லை, சிகிச்சையைத் தவறவிட்டாள் என்று ஒவ்வொன்றாக வந்தது. நீ தவறு செய்துவிட்டாய் என்று அவர் சொல்லவில்லை. தோல்வி நம் இருவருடையது என்று பொருள்படப் பேசினார். அந்தப் பெண் அழுதாள்.

அவர் அவளுக்கு ஒரு கணக்கையும் விளக்கினார். சிகிச்சை செய்யாவிட்டால் ஒரு நாளில் நோய் முற்றாமல் இருக்கும் வாய்ப்பு 99.5 விழுக்காடு. ஒழுங்காகச் செய்தால் 99.95. இரண்டும் நூறுக்குப் பக்கம்தானே என்று தோன்றும். 365 நாளுக்கும் பெருக்கிப் பாருங்கள். முதல் கணக்கில் ஓராண்டை நலமாகக் கடக்கும் வாய்ப்பு 16 விழுக்காடு. இரண்டாவதில் 83. தினசரிச் சிகிச்சை ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

அதே கட்டுரையில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையைப் பற்றியும் வருகிறது. தங்கள் சிகிச்சையின் பலன் நாட்டில் நடுத்தரமாகத்தான் இருக்கிறது என்று அந்த மருத்துவர்கள் அறிந்தார்கள். மறைக்கவில்லை. பெற்றோரை அழைத்துச் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் வேறு மருத்துவமனைக்கு ஓடிவிட்டார்களா? ஒரு குடும்பம்கூடப் போகவில்லை. எப்படித் திருத்துவது என்று கூட உட்கார்ந்து யோசித்தார்கள். முகத்தைப் பார்க்காத டாக்டரைப் பற்றி இங்கே பேசிய நண்பர் இதைக் கவனிக்க வேண்டும். திறமைக் குறைவை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். மறைப்பதைத்தான் பொறுப்பதில்லை.

கடல் சொன்ன மருந்து

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் வியப்பு. அலைச்சறுக்கு விளையாடும் நோயாளிகள், கடலுக்குப் போய் வந்தால் மூச்சு சுலபமாக இருக்கிறது, சளி நன்றாக வெளியேறுகிறது என்றார்கள். சிட்னி மருத்துவர்கள் சிரித்து ஒதுக்கவில்லை. கடல் நீரைவிடச் செறிவான 7 விழுக்காட்டு உப்பு நீரை ஆவிபோல் உள்ளிழுக்கச் செய்து, 164 நோயாளிகளிடம் 48 வாரம் சோதித்தார்கள். நோய் முற்றும் சம்பவங்கள் வெகுவாகக் குறைந்தன. முடிவு 2006ல் வெளியானது. உலகெங்கும் அது சிகிச்சையில் சேர்ந்தது. உப்பால் அடையாளம் கண்ட நோய்க்கு உப்பே துணையாக வந்தது.

கடைசியாக மருந்தும் வந்தது. 1989ல் டோரோண்டோவின் லாப்-சீ சுய், ஜாக் ரியோர்டன், மிச்சிகனின் பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோர் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். சுய் ஷாங்காயில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்தவர். பழுதைச் சரிசெய்யும் முதல் மாத்திரை 2012ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரும்பாலான நோயாளிகளுக்குப் பயன்படும் மூன்று மருந்துக் கூட்டு 2019ல் வந்தது. அங்கே இப்போது பிறக்கும் இந்நோய்க் குழந்தை 60 வயதைத் தாண்டி வாழும் என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் விலை? அறிமுகமானபோது ஓராண்டுக்கு மூன்று லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். பல நாட்டுப் பிள்ளைகளுக்கு அது எட்டாக் கனி. மருந்து கைக்கு எட்டும் வரை அவர்களைக் காக்க வேண்டியவர்கள், பழையபடி மற்ற மூன்று பேர்தான்.

நேயர்களே, 1938க்கும் 2012க்கும் இடையே 74 ஆண்டுகள். அந்தக் காலம் முழுவதும் நோயின் வேரைத் தொடும் மருந்து கிடையாது. ஆனாலும் கைக்குழந்தையில் முடிந்த வாழ்வு முப்பதைத் தாண்டியது. அந்த ஆண்டுகளைக் கொடுத்தது யார்? கேள்வி கேட்ட மருத்துவர், கதவைத் திறந்து வந்த தாதி, விடாமல் முதுகில் தட்டிய தாய், கடலுக்குப் போனதை வெட்கப்படாமல் வந்து சொன்ன நோயாளி.

ஆகவே இந்த அரங்கில் என் கருத்து இதுதான். டாக்டரிடம் போகும்போது கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மாத்திரையைத் தவறவிட்டால் தவறவிட்டேன் என்று சொல்லுங்கள். உடம்பில் கண்ட மாற்றம் அற்பமாகத் தெரிந்தாலும் சொல்லுங்கள். மருத்துவர்களுக்கும், என் தாதியர் இனத்துக்கும் ஒரு வேண்டுகோள். மூன்று நிமிடம்தான் இருக்கிறதா? அதில் ஒரு நிமிடத்தை நோயாளி பேசுவதற்கு விடுங்கள். அவர் சொல்வது உப்புச்சப்பில்லாத பேச்சு போலத் தோன்றலாம். ஒரு நோயின் ரகசியமே ஒரு தாயின் உப்பு முத்தத்தில்தான் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.